பச்சமுத்து பொருள் சொன்ன கதை

ரங்கம்மாளுக்குப் பேச்சு வராத நாள் என்று ஒன்று அவள் பிறந்ததிலிருந்து கிடையாது. அவள் நடவுக்கு இறங்கிய வயலில் கொக்கு உட்காராது என்று வடக்கனந்தல் பெண்கள் சொல்வார்கள். குனிந்த தலை நிமிராமல் நாற்றைக் குத்திக்கொண்டே போவாள். வாய் அதுபாட்டுக்கு ஊர் நியாயம் அத்தனையும் பேசிக்கொண்டு போகும். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம் பேசுவாள், ரேஷன் கடையில் தராசிடம் பேசுவாள், ஆளே கிடைக்காவிட்டால் அடுப்பிடம் பேசுவாள். அப்பேர்ப்பட்டவள் தை மாதத்திலிருந்து புருஷனிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை.

புருஷன் பச்சமுத்து கரும்பு வெட்டுகிறவர். தெருக்கோடியிலிருந்து பார்த்தாலே தெரிகிற மீசை. யார் வீட்டில் பாம்பு புகுந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒருமுறை காலில் அரிவாள் பட்டு, துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு கரும்புத் தோட்டத்திலிருந்து வீடுவரை நடந்தே வந்தவர் என்று அவரைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சை அதிகமாகப் பேசியவர் அவரேதான்.

பேச்சு நின்றதற்குக் காரணம் இது. மார்கழிக் கடைசியில் ரங்கம்மாளுக்குக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். பெங்களூரில் சென்ட்ரிங் வேலை பார்க்கும் மகன் அம்மாசி இரண்டு நாள் வந்து இருந்துவிட்டுப் போனான். மருமகள் கண்ணகி கூடவே இருந்தாள். மற்ற கட்டில்களுக்கெல்லாம் புருஷன்மார்கள் பிளாஸ்க்கும் இட்லிப் பொட்டலமுமாக வந்து போனார்கள். எதிர்க் கட்டில்காரியின் புருஷன் ஒரு கை இல்லாதவன், அவன்கூட வந்தான். பச்சமுத்து ஒருநாளும் உள்ளே வந்து எட்டிப்பார்க்கவில்லை. தையல் பிரித்து ரங்கம்மாள் வீடு வந்து சேர்ந்தபோது, கட்டிலில் உட்கார்ந்தபடி, "வந்துட்டியா?" என்றார். அவ்வளவுதான். ரங்கம்மாள் அன்றைக்கு மூடிய வாயைத் திறக்கவில்லை.

ஆனால் குடும்பம் நடக்க வேண்டுமே. "ஒலை வச்சாச்சு, அரிசி தீந்து போச்சுன்னு உங்க மாமங்கிட்ட சொல்லு" என்பாள் ரங்கம்மாள். பச்சமுத்து பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். கண்ணகி திரும்பி, "மாமா, அரிசி தீந்து போச்சாம்" என்பாள். "நேத்தே சொல்றதுக்கு இன்னான்னு கேளு" என்பார் அவர். கண்ணகி மறுபடி திரும்புவாள். அந்தப் பெண்ணுக்குக் கழுத்து வலியே வந்துவிட்டது. அவள் இல்லாத நேரத்தில் வீட்டுக் கோழிதான் தூது. "துன்றவங்க வந்து துன்னலாம், கொழம்பு ஆறிக்கினு இருக்குது" என்று ரங்கம்மாள் கோழியிடம் சொல்வாள். அது புரியாமல் விழிக்கும். பச்சமுத்து எழுந்து வந்து சாப்பிடுவார்.

இதோடு போயிருந்தால் ஊரில் இல்லாத அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனால் ரங்கம்மாள் மணலூர்பேட்டையில் இருக்கும் தம்பி பொன்னுரங்கத்துக்குப் போன் போட்டுவிட்டாள். "சித்திரை பொறந்ததும் வந்து என்ன கூட்டிக்கினு போ. இனி ஒங்கூடவே இருந்துடறேன். என் கைகால் ஓடற வரைக்கும் எனக்கு சோறு நானே சம்பாதிச்சிக்கறேன்" என்றாள். அவள் மிரட்டுகிறவள் இல்லை, சொன்னால் செய்கிறவள். உடுத்துகிற புடவை இரண்டைத் தவிர மற்றதையெல்லாம் மடித்துக் கட்டைப்பையில் வைத்துவிட்டாள். அதைக் கண்ணகி பார்த்துவிட்டாள். அத்தை இல்லாத அந்த வீட்டில் மாமனாரோடு தனியாக உட்கார்ந்திருப்பதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. இவர்கள் இரண்டு பேரின் மேலும் அவளுக்கு உள்ளபடியே பாசம் இருந்தது.

அதே கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் குடும்பத் தகராறுகளுக்கு ஆலோசனை சொல்கிற அறை ஒன்று இருப்பதாக யாரோ சொல்ல, கண்ணகி இரண்டு பேரையும் கிளப்பினாள். மாமனாரிடம் சர்க்கரை டெஸ்ட் என்றாள். மாமியாரிடம் உண்மையைச் சொன்னாள். உண்மையைக் கேட்டதும் ரங்கம்மாள் சந்தோஷமாகக் கிளம்பினாள், அங்கே போய் அந்த ஆளின் வண்டவாளத்தைத் தண்டவாளத்தில் ஏற்றலாம் என்று.

ஆலோசகர் ஆண்டாள் சின்ன வயசுப் பெண். ரங்கம்மாள் கொட்டியதை முழுக்கக் கேட்டாள். பிறகு பச்சமுத்துவைப் பார்த்தாள். அவர் மின்விசிறியைப் பார்த்தார். "நீங்க ஏன் போகலைங்க?" என்று மெதுவாகக் கேட்டாள். "வேல இருந்துச்சுங்க" என்றார் மின்விசிறியிடம். அதற்குமேல் எப்படிக் கேட்டும் ஒன்றும் பெயரவில்லை. ஆண்டாள் அலமாரியைத் திறந்து மெலிசான கதைப் புத்தகம் ஒன்றை எடுத்துக் கண்ணகியிடம் கொடுத்தாள்.

"தினம் சாயங்காலம் மூணு பேரும் ஒண்ணா உக்காந்து இதைப் படிங்க. பத்து நிமிஷம் போதும். நீங்க சத்தமா வாசிங்க கண்ணகி. படிச்சதைப் பத்தி எல்லாரும் பேசணும். கதையில வர்றவங்களை என்ன வேணாலும் சொல்லலாம், திட்டக்கூடத் திட்டலாம். உங்க வீட்டு விஷயத்தை மட்டும் அப்போ பேசக் கூடாது."

பச்சமுத்து முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். "சாப்பாட்டுக்கு முன்னாலங்களா, பின்னாலங்களா?" என்றார்.

ஆண்டாள் சிரிக்காமல், "முன்னாலயே படிச்சிடுங்க. சாப்பிட்டா தூக்கம் வந்துடும்" என்றாள்.

"மாத்திர தராம பொஸ்தகம் தர்ற ஆஸ்பத்திரிய இப்பத்தான் பாக்கறேன்" என்று ரங்கம்மாள் வெளியே வந்து கண்ணகியிடம் சொன்னாள்.

ஆண்டாளுக்குத் தெரியாத ஒன்று உண்டு. அந்தப் பக்கத்து ஊர்களில் அம்மன் கோயில் திருவிழா என்றால் பல நாளைக்குக் கதை படிப்பார்கள். ஒருவர் ஒரு வரி வாசிப்பார். பக்கத்தில் இருக்கிற இன்னொருவர் அதற்குப் பொருள் சொல்வார். வாசிக்கிறவரை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. பொருள் சொல்கிறவருக்குத்தான் மாலை, மரியாதை, சோடா எல்லாம். ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு அவர் ஊர் உலகம் சுற்றி வரலாம், வரியில் இல்லாததையும் சொல்லலாம், கேட்கிறவர்கள் "ஆமாம்" போட வேண்டும். கதையில் கல்யாணம் வந்தால் பெண்கள் தட்டு வரிசை எடுத்து வருவார்கள். பச்சமுத்து வருஷா வருஷம் முதல் வரிசையில் உட்கார்ந்து, பொருள் சொல்கிறவரைப் பார்த்து உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தவர். எழுத்துத் தெரியாதவர் என்பதால் அந்த இடம் தனக்கு வராது என்று அவருக்குத் தெரியும். இப்போது ஆஸ்பத்திரியே அந்த இடத்துக்குத் தன்னை நியமித்து அனுப்பியது போல அவருக்கு ஆகிவிட்டது. சேர்ந்து படிப்பது என்றால் வேறு எப்படிப் படிப்பதாம்?

முதல் நாள் சாயங்காலம் ரங்கம்மாள் வேலையிலிருந்து வந்து பார்த்தால், வாசலில் கோரைப்பாய் விரித்திருக்கிறது. பலகைமேல் புத்தகம், அதற்குச் சந்தனப் பொட்டு. பச்சமுத்து குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, தோளில் துண்டோடு சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். ரங்கம்மாள் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, மல்லாட்டையை மடியில் போட்டுக்கொண்டு கடலை உரிக்க ஆரம்பித்தாள். அவளைக் கேட்கத்தான் சொல்லியிருந்தார்கள், பார்க்கச் சொல்லவில்லை.

கண்ணகி வாசித்தாள். "கல்வராயன் மலையில் அன்று நல்ல மழை பெய்தது."

"நிறுத்தும்மா" என்று கையை உயர்த்தினார் பச்சமுத்து. "மழ பேஞ்சுது. இன்னா மழ? நம்ம ஊரு மழ மாதிரி நாலு தூத்தல் போட்டுட்டு ஓடற மழ இல்ல. மலமேல பேயற மழ. அங்க பேஞ்சா கோமுகி அணையில தண்ணி ஏறும். ஏறினா இன்னா ஆவும்? மதகத் தொறப்பான். தொறந்தா நம்ம மேட்டு வயலுக்கு வருமா? வராது. ஏன் வராது?"

ஏன் வராது என்பதில் பழைய பஞ்சாயத்துத் தலைவர்கள் எல்லாரும் வந்து போனார்கள். பக்கத்து வீட்டுச் சடையன் பீடி பற்ற வைக்க நெருப்புக் கேட்டு வந்தவன், கதை படிக்கிறார்கள் என்று தெரிந்ததும் பீடியைக் காதில் செருகிக்கொண்டு உட்கார்ந்து, "ஆமாம்" போட ஆரம்பித்துவிட்டான். இருட்டுகிற வரைக்கும் மலையில் மழைதான் பெய்துகொண்டிருந்தது. கதாநாயகன் இன்னும் வரவேயில்லை.

கண்ணகி ஆண்டாளுக்குப் போன் செய்து, "பத்து நிமிஷம் சொன்னீங்க மேடம். சோத்துப் பானையைத் தொடவே விட மாட்டேங்கறாரு" என்று முறையிட்டாள். "அத்தை கேக்குறாங்களா?" என்று கேட்டாள் ஆண்டாள். "திரும்பி உக்காந்துக்கினு கேக்கறாங்க." "அப்போ நிறுத்தாதீங்க" என்று பதில் வந்தது.

கதை சின்னதுதான். மலையில் சாமை விதைக்கிற மாதன் என்பவன் பழனியம்மாள் என்கிற பெண்ணைக் கட்டிக்கொள்கிறான். கல்யாணப் பக்கம் வருவதற்குள் தெருவில் பாதி பேர் கோரைப்பாயில் இருந்தார்கள். கல்யாணம் என்று தெரிந்ததும் பெண்கள் மஞ்சள், குங்குமம், வெற்றிலை, வாழைப்பழம் என்று தட்டோடு வந்துவிட்டார்கள். புத்தகத்துக்குக் கனகாம்பரம் சுற்றினார்கள். சடையன் தன்னை மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் என்று அறிவித்துக்கொண்டு, தட்டிலிருந்து முதல் பழத்தை எடுத்து உரித்தான்.

சுவரைப் பார்த்திருந்த ரங்கம்மாளுக்கு இது பொறுக்கவில்லை. "கண்ணகி, பொண்ணு வூட்டுப் பக்கம் கேக்க நாதியில்லன்னு நெனச்சிக்கினாங்களா? பழத்த வெக்கச் சொல்லு. மொதல்ல பொண்ணு வூட்டுக்காரங்களுக்குத்தான் மரியாத" என்றாள். அன்றிலிருந்து அவள் பெண் வீட்டுக்காரி. பழனியம்மாளுக்கு ஒன்று என்றால் கேட்க ஆள் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. சுவர்ப் பக்கம் இருந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெருப் பக்கம் திரும்பியது.

பங்குனி முடியப் போகிற நாளில் புத்தகத்தில் அந்தப் பக்கம் வந்தது. கண்ணகி வாசித்தாள். "பழனியம்மாள் காய்ச்சலில் விழுந்தாள். புளி விற்கச் சந்தைக்கு இறங்கிய மாதன் வரவில்லை. அக்கம்பக்கத்தார் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார்கள். அவள் எழுந்து உட்கார்ந்த பிறகுதான் மாதன் வீடு திரும்பினான்."

கூட்டம் பச்சமுத்துவைப் பார்த்தது. அவர் தொண்டையைச் செருமினார். மறுபடி செருமினார். "அடுத்த வரி படி" என்றார்.

"இன்னாத்துக்கு அடுத்த வரி?" என்றாள் ரங்கம்மாள். மடியிலிருந்த மல்லாட்டை பாயில் கொட்டியது. "எங்க போனான் அவன்? கட்டின பொண்டாட்டி சாவக் கெடக்கறா, அந்த மாதன் எங்க போனான்? மழைக்கு ஒரு நாளு பொருள் சொன்னியே, இதுக்குச் சொல்லுய்யா."

அவள் நேராக அவரிடம் பேசிவிட்டாள் என்பதை அவளே கவனிக்கவில்லை. கண்ணகி கவனித்தாள். காட்டிக்கொள்ளாமல் புத்தகத்தைப் பார்த்தாள். "புக்குல அவ்ளோதான் அத்த போட்டிருக்குது" என்றாள்.

"போட்டிருக்க மாட்டாங்க" என்றார் பச்சமுத்து. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "பொருள் சொல்றவந்தான் சொல்லணும். அவன் வந்தான்."

"ஆமாம்" என்றான் சடையன் பழக்கத்தில்.

"வந்தான். மொத நாளே வந்தான். கையில பன்னும் பாலும் வாங்கிக்கினு வந்தான். வார்டு கதவுல கண்ணாடி இருந்துது. அது வழியாப் பாத்தான்."

"மலையில ஏது மாமா வார்டு?" என்றாள் கண்ணகி.

"நீ வாசிக்கறவ, வாசி. நடுவுல பேசாத. கண்ணாடி வழியாப் பாத்தான். அவ செவுத்தப் பாத்து ஒருக்களிச்சு படுத்துக்கினு இருந்தா. மூக்குல கொழாய் வுட்டிருந்தாங்க. ஒரு கால்ல மெட்டி இல்ல. இன்னொரு கால்ல மெட்டி கழட்ட வராம, வெள்ளத் துணி சுத்தி வச்சிருந்தாங்க. அவ்ளோதான் பாத்தான். கண்ணு இருட்டிக்கினு வந்துது."

ரங்கம்மாளின் கை தானாகக் கால் விரலுக்குப் போயிற்று. மெட்டி கழலாமல் நர்ஸ் துணி சுற்றியதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்கு அது ஒரு விஷயமாகவே அவளுக்குத் தோன்றியதில்லை.

"அப்பால?" என்றாள்.

"அப்பால இன்னா, வுழுந்துட்டான். தொணைக்கு இருந்த பொண்ணு மருந்து வாங்கப் போயிருந்துது, பாக்கல. பன்னு ஒரு பக்கம், பாலு ஒரு பக்கம். ரெண்டு நர்ஸம்மா தூக்கிக்கினு போய் ஆம்பளைங்க வார்டுல படுக்க வச்சு குளுக்கோஸ் ஏத்தினாங்க. பேரு கேட்டாங்க. பாம்பு அடிக்கறவன், பொண்டாட்டியப் பாத்து மயக்கம் போட்டு வுழுந்தான்னு ஊருக்குத் தெரிஞ்சா இன்னா ஆவறது? வெக்கத்துல பக்கத்து வூட்டுக்காரன் பேரச் சொல்லிட்டான்."

"ஆமாம்" என்று சொல்ல வாயெடுத்த சடையன் பாதியில் நிறுத்தினான். "யாரு பேர?" என்றான்.

பச்சமுத்து துண்டின் முனையைத் திருகிக்கொண்டிருந்தார். "மறுநாளும் வந்தான். கதவு வரைக்கும் போனான், காலு ஒதறிக்கிச்சு. எதிர்ல இருக்கற டீக்கடையில போய் உக்காந்தான். அவ வூட்டுக்குப் போற வரைக்கும் தெனம் காலையில வந்து சாயந்தரம் வரைக்கும் அங்கியேதான் உக்காந்திருந்தான். உள்ளருந்து யாரையாவது வெள்ளத் துணி மூடி எடுத்தாந்தா, எட்டிப் பாத்து, அவ இல்லன்னு தெரிஞ்சிக்கினு மறுபடி வந்து உக்காருவான்."

கண்ணகியின் கண் நிறைந்து எழுத்து மறைத்தது. ரங்கம்மாளுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. கோபம்தான் முந்திக்கொண்டது.

"அந்தப் பழனியம்மா இன்னா கேக்கறான்னா" என்று ஆரம்பித்தாள். வீட்டு விஷயம் பேசக் கூடாது என்று சொல்லியிருந்தது அவளுக்கும் ஞாபகம் இருந்தது. "உள்ள வர முடியலன்னா வுடு. மனுசனுக்குப் பயம் இருக்கறதுதான். வெளிய உக்காந்திருக்கேன்னு ஒரு ஆளுகிட்ட சொல்லி அனுப்பறதுக்கு இன்னா? அவ கதவையே பாத்துப் பாத்துட்டுத்தான் செவுத்தப் பாத்துப் படுத்தா. அப்பிடியே செத்துப் போயிருந்தா, நமக்குன்னு யாரும் இல்லன்னு நெனச்சிக்கினேதான செத்திருப்பா? அதுக்குப் பொருள் சொல்லு."

மழைக்கும் மதகுக்கும் பொருள் சொன்னவரால் இதற்குச் சொல்ல முடியவில்லை. பிறகு, "தப்புதான்" என்றார். மீசைக்கு அடியிலிருந்து அந்த வார்த்தை வந்து கேட்டவர்கள் அந்தத் தெருவில் அதற்குமுன் யாரும் இல்லை. மாதன் செய்தது தப்பா, இவர் செய்தது தப்பா என்று யாரும் கேட்கவும் இல்லை. சடையன் மட்டும், தன் பேரில் ஆஸ்பத்திரியில் ஏறிய குளுக்கோஸைப் பற்றி யோசித்தபடியே எழுந்து போனான்.

சித்திரை பிறந்து பொன்னுரங்கம் வண்டி எடுத்துக்கொண்டு வந்தான். ரங்கம்மாள் அவனுக்குச் சோறு போட்டு, குழம்பு ஊற்றி, பழனியம்மாள் கதையை ஆதியோடந்தமாகச் சொன்னாள். அவன் கை கழுவியதும், "நீ கெளம்பு. கத இன்னும் முடியல, பாதியில எழுந்து போனா குத்தம்" என்றாள். எந்தக் கதை, எப்போது முடியும் என்று ஒன்றும் விளங்காமல் தம்பி வெறும் வண்டியோடு மணலூர்பேட்டைக்குத் திரும்பினான்.

அந்த வாரமே ரங்கம்மாளுக்கு ஆஸ்பத்திரியில் செக்கப் இருந்தது. காலையில் தலை வாரிக்கொண்டே, கண்ணகியைப் பார்க்காமல், கோழியையும் பார்க்காமல், புருஷனைப் பார்த்துச் சொன்னாள். "நீயும் வா. உள்ள வராட்டி போவுது. நான் ஜன்னல்ல பாத்தா தெரியற எடமாப் பாத்து உக்காரு."

பச்சமுத்து சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினார். ஆஸ்பத்திரிச் சுவர் ஓரமாக ஜன்னலுக்கு நேரே ஓர் இடம் பார்த்து உட்கார்ந்தார். சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. டீக் குடிக்கக்கூட எழுந்து போகவில்லை. வரிசையில் நின்ற ரங்கம்மாள் எட்டிப் பார்க்கும்போதெல்லாம், பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்ட பிள்ளை போல எழுந்து நின்றுவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

டாக்டர் பார்த்து முடித்ததும் நர்ஸ் மாத்திரைச் சீட்டோடு வந்தாள். "கூட வந்தவங்களை உள்ளே வரச் சொல்லும்மா. எப்படிப் போடணும்னு சொல்லணும்" என்றாள்.

ரங்கம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"எங்கிட்டயே சொல்லும்மா" என்றாள். "அந்த ஆளு உள்ள வந்தா உனக்கு இன்னொரு பெட்டு வேணும்."